அமைதிக் குளம்

வாத்தின் மண்டைக்குள் வடக்கு தெற்கு தெரிகிற ஒரு இடம் இருக்கிறதாம். அதைப் பிடித்துத் திருப்பினால் வாத்து திரும்புமாம். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு மாதிரி. இந்தக் கயிறு கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இதை என்னிடம் முதலில் சொன்னது ஜெனிட்டா. கல்லூரிப் பிள்ளை. அவளும் கூடப் படிக்கிற நாலைந்து பேரும் எங்கள் பூவனேரிக் குளத்துக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். எந்தப் பறவை எந்த மாசம் வருகிறது, கருவேலம் எப்போது பூக்கிறது, குளம் எப்போது வற்றுகிறது, எல்லாவற்றையும் கைப்பேசியில் ஏற்றி ஏதோ பறவை மையத்துக்கு அனுப்புவார்கள். நான் குளத்தில் வாத்து மேய்க்கிறவன். ஊருக்கு வந்து கணக்கெடுத்துக்கொண்டு போகிறவர்கள் மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. கணக்கெடுத்துக்கொண்டு போனவன் எவனும் நல்ல சேதியோடு திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

"வாத்தை என்னத்துக்குட்டி திருப்பணும்? அதுக்குப் போற வழி தெரியாதா?" என்று கேட்டேன்.

"தெரியும் தாத்தா. ஆனா வழியில காத்தாடி நிக்குல்லா, கரண்டு எடுக்கிற காத்தாடி? கூட்டமா வந்து அதுல அடிபட்டுச் சாகுது. முன்னால பறக்கிற நாலு பறவைக்கு முதுகுல இதைக் கட்டிட்டா, காத்தாடி கிட்ட வரும்போது லேசாத் திருப்பி விட்டுரலாம். மத்ததெல்லாம் பின்னாலயே போயிரும்." நகம் அளவுக்கு ஒரு பொருளை உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள்.

"திருப்புறது யாரு?"

"மையத்துல மிசினு இருக்கு. அதுவே பாத்துத் திருப்பும்."

"மிசினு யாரு சொன்னாக் கேக்கும்?"

அவள் சிரித்தாள். "தாத்தா, நீங்க போலீசுல இருந்திருக்கணும்."

அது பனிக்காலத்தில் எங்கள் குளத்துக்கு வருகிற வாத்து. இமயமலைக்கு அந்தப் பக்கமிருந்து வருகிறது என்பார்கள். தலையில் ரெண்டு கறுப்புப் பட்டை இருக்கும். பிள்ளைகள் வரித்தலை வாத்து என்றார்கள். நாங்கள் பட்டையன் என்போம்.

எங்கள் ஊரில் தீபாவளிக்கு வெடி கிடையாது. என் அப்பா பிறப்பதற்கு முன்னாலேயே கிடையாது. எண்ணெய்க் குளியல், புதுத்துணி, பலகாரம் எல்லாம் உண்டு. வெடி மட்டும் இல்லை. மற்றப் பறவைகள் வந்து இறங்கத் தொடங்குகிற காலம், சத்தம் கேட்டால் போய்விடும் என்று யாரோ கட்டுப்பாடு போட்டார்கள், அப்படியே நின்றுவிட்டது. வெடி கேட்டு அழுகிற பிள்ளையைப் பக்கத்து ஊர் மாமன் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம்.

இது மையத்துக்காரர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. இந்த மாதிரி கட்டுப்பாடு உள்ள ஊர்களுக்கெல்லாம் போட்டி வைத்தார்கள். குளத்துக் கருவேல மரங்களில் பிள்ளைகள் சின்னச் சின்னப் பெட்டிகளைக் கட்டினார்கள். அதற்குக் காது இருக்கிறதாம், சத்தத்தை அளக்குமாம். எந்தக் குளத்தில் சத்தம் குறைவோ அந்த ஊருக்கு 'அமைதிக் குளம்' என்று பித்தளைப் பலகையும் தார் ரோடும்.

ரோடு என்றதும் எங்கள் பஞ்சாயத்துத் தலைவி பேச்சித்தாய்க்கு ஆசை வந்துவிட்டது. இருக்கிற அமைதி போதாது, இன்னும் அமைதி வேண்டும் என்றாள். கோயில் கொடைத் திருவிழாவுக்கு மேளம் கூடாது, ஒலிபெருக்கிக் குழாய் கட்டக் கூடாது. டிராக்டர் சுற்றுவழியாகப் போக வேண்டும். சொள்ளமுத்துவின் அண்ணன் செத்தபோது கொட்டு இல்லை, குலவை இல்லை. "தூக்கிட்டுப் போனது பொணமா, களவுச் சாமானா?" என்று சொள்ளமுத்து இன்றைக்கும் கேட்பான். இத்தனைக்கும் அவன்தான் ஊரில் தவில்காரன். என் வாத்துகளையும் விடவில்லை. கத்துகிறதாம். அந்த சீசன் முழுக்கப் பக்கத்து ஊர் வயலில் கொண்டுபோய் அடைத்தேன்.

"வாத்தைக் கொண்டு போயிட்டீங்க, இப்ப பெட்டியில அதிகமாக் கேக்கிறது ஒங்க இருமல்தான் தாத்தா" என்றாள் ஜெனிட்டா.

"அதையும் எழுதி அனுப்பு. நம்பிராசன் இருமுனான்னு."

பலகை எங்களுக்குத்தான் வந்தது. ரெண்டாவது கொம்மடிக்குளம். அது ஜெனிட்டாவின் சொந்த ஊர், தெற்கே ஒரு காலை நேரத்துப் பயணம். அவளுடைய அப்பா அங்கே பள்ளிக்கூட வாத்தியார். எங்களிடம் தோற்றதில் மனிதர் கொதித்துப்போய்விட்டார்.

"அடுத்த தடவை பலகை நமக்கு வரலைன்னா மீசையை எடுத்துருதேன்னு சொல்லிட்டாரு தாத்தா. வீட்டுல மிக்சி போடக்கூட விடமாட்டேங்காரு."

அப்போது எல்லாரும் சிரித்தோம்.

பட்டையன் மார்கழியில் வருகிற பறவை. பலகை வந்ததற்கு அடுத்த வருசம் ஐப்பசி பிறப்பதற்குள் வந்தது. மழை விழவில்லை, குளத்தில் பாதித் தண்ணீர், வெயில் மண்டையைப் பிளக்கிறது, இது வந்து இறங்குகிறது. கூட்டம் கூட்டமாக. ஒரு கூட்டம் இறங்கி முடிப்பதற்குள் அடுத்தது. நான் அவ்வளவு பறவையை எங்கள் குளத்தில் பார்த்ததே இல்லை. பேச்சித்தாய் பலகைக்கு மாலை போட்டாள்.

பிறகுதான் பார்த்தோம், சில பறவைக்குக் கழுத்து நிற்கவில்லை. முறுக்கிக்கொண்டு தலை முதுகில் விழுகிறது. தண்ணீரில் ஒரே இடத்தில் சுற்றுகிறது, சுற்றியபடியே சாகிறது. குளத்துக்குத் திரும்பியிருந்த என் வாத்துகளுக்கும் அது தொற்றியது. வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு ஆட்கள் வந்து, சீக்கு வந்தது வராதது எல்லாவற்றையும் சாக்கில் போட்டுக் கட்டிக் குழியில் தள்ளினார்கள். சாக்கு கத்திக்கொண்டிருந்தது. ரோட்டை மறித்துத் தடுப்பு வைத்தார்கள். உள்ளே யாரும் வரக் கூடாது, வெளியே யாரும் போகக் கூடாது. குளத்தில் கல் எறிந்தாலே கேஸ். சீக்குப் பறவையைக் கலைத்து விடுவது பெரிய குற்றமாம்.

செத்த பறவையை யார் அள்ளுவது? என் மகள் முப்பிடாதி பஞ்சாயத்தில் தூய்மைப் பணியாளர். அவளும் இன்னும் ரெண்டு பெண்களும். ஒரு கையுறை, ஒரு முகமூடி, ஒரு டப்பா பிளீச்சிங் பவுடர். விடிந்ததும் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்குவார்கள். அன்றைக்குச் செத்ததை அள்ளி முடித்தால், மறுநாள் அதைவிடக் கூடுதலாக மிதக்கும். ஏனென்றால் புதிது புதிதாக வந்துகொண்டே இருந்தது.

முதலில் அந்த ரெண்டு பெண்களில் மூத்தவளுக்குக் காய்ச்சல் வந்தது. மூச்சு வாங்கிச் செத்துப்போனாள். இளையவளும் போனாள். முப்பிடாதி மட்டும் தனியாக இறங்கினாள்.

"போகாதட்டி. வேலை போனாப் போட்டும்" என்றேன்.

"நான் போகலைன்னா அது அழுகித் தண்ணி ஊருக்குள்ள வரும். அந்தத் தண்ணியைத்தான நாம குடிக்கோம்?" என்றாள். "பறவை வாரது நிக்கட்டும்ப்பா. அன்னைக்கே நானும் நிறுத்திக்கிடுதேன்."

பறவை வருவது நிற்க வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம் என்று இருந்தது.

தீபாவளியன்று காலையில் ஜெனிட்டா வந்தாள். அவளோடு வரும் பிள்ளைகள் ஒருத்தரையும் காணோம். ஸ்கூட்டரில் முன்னால் ஒரு பை, பின்னால் ஒரு அட்டைப்பெட்டி. நேராக என் வீட்டு வாசலில் நிறுத்தி, பெட்டியை இறக்கி, மூடியைத் திறந்தாள்.

"என்னட்டி இது?"

"வெடி."

"கிறுக்குப் பிடிச்சிருக்கா ஒனக்கு? பூவனேரிக்குள்ள வெடி கொண்டுவந்திருக்க? தடுப்புல எப்படி விட்டான்?"

"மரத்துல கட்டின பெட்டிக்கு பேட்டரின்னு சொன்னேன். மையத்துப் பிள்ளைன்னு விட்டுட்டாங்க." முகமூடியைக் கழற்றினாள். அழுது முடித்த முகம். "இந்தப் பறவை தானா வரலை தாத்தா. திருப்பி விட்டுருக்காங்க."

"யாரு?" என்றேன்.

"வடக்கயே சீக்கு வந்துட்டு. வந்ததும் மையத்துக்காரங்க மிசின்கிட்ட கேட்டுருக்காங்க. பட்டணத்துப் பக்கம் போகக் கூடாது, கோழிப்பண்ணைப் பக்கம் போகக் கூடாது. எங்கயாவது ஒரு இடத்துல எல்லாத்தையும் இறக்கி, கலையாம அங்கயே வச்சுச் சாக விடணும். அப்படி ஒரு குளம் எதுன்னு கேட்டுருக்காங்க. சத்தம் இருந்தாக் கலைஞ்சிரும்லா. அதனால சத்தமே இல்லாத குளமாப் பாத்து எடுத்துருக்கு."

"சத்தம் இல்லாத குளம்னு அதுக்கு யாரு சொன்னா?"

"நாங்கதான் தாத்தா."

"காத்தாடிக்குன்னு சொன்னியேட்டி."

"அப்ப காத்தாடிக்குத்தான் தாத்தா." உதட்டைக் கடித்துக்கொண்டாள். "மையத்துல இதுக்குப் பேரு அமைதிக் குளம் இல்ல. ஒதுக்குக் குளம்."

பித்தளைப் பலகை என் வாசலிலிருந்து பார்த்தாலே தெரியும். மாலை காய்ந்துபோய்த் தொங்கியது. ஒரு செத்த வீட்டுக்குக் கொட்டு அடிக்கவிடாமல், என் வாத்தை ஊரைவிட்டு ஓட்டி, நாங்களாகவே எங்களை அளந்து கொடுத்திருக்கிறோம்.

"இப்ப வெடிச்சா?"

"பறவை எந்திரிச்சிரும். பெட்டியில சத்தம் ஏறிட்டா மிசினு இந்தக் குளத்தைக் கணக்குல இருந்து எடுத்துரும். இனிமே இங்க அனுப்பாது. இன்னைக்கு மத்த ஊருல எல்லாம் வெடிப்பாங்க, வழியில எங்கயும் இறங்காது. அடுத்த குளத்துக்கு நேராப் போயிரும்."

அடுத்த குளம். நான் படிக்காதவன்தான். ஆனால் ஒன்றுக்குப் பிறகு ரெண்டு வரும் என்பது எனக்கும் தெரியும்.

"ஒங்க அப்பா மீசையை எடுத்துட்டாரா, இருக்கா?" என்று கேட்டேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "இருக்கு தாத்தா" என்றாள்.

"கொம்மடிக்குளத்துக்கு அனுப்பப் போற. ஒன் சொந்த ஊருக்கு."

"மூணாவது குளத்துல எனக்கு யாரையும் தெரியாது. சொன்னாலும் நம்ப மாட்டாங்க. எங்க ஊருல நான் சொன்னாக் கேப்பாங்க. பறவை போய் இறங்குறதுக்குள்ள நான் போயிருவேன். இறங்கின பெறகுதான தடுப்பு வைப்பாங்க? அதுக்குள்ள பிள்ளைகளையும் வயித்துப் பிள்ளைக்காரிகளையும் வெளிய அனுப்பிரலாம். ஒங்களுக்குத்தான் அந்த நேரம் கிடைக்கலை."

முப்பிடாதி குளத்துக்குப் புறப்பட்டு, உறையைக் கையில் வைத்துக்கொண்டு நிலைப்படியில் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

"வேண்டாம்ப்பா" என்றாள். "அங்கயும் ஒருத்தி அள்ளணும்லா."

"அவ அப்பன் அவளைப் பாத்துக்கிடட்டும்" என்றேன்.

சொன்னதுதான். ஜெனிட்டா தலையைக் குனிந்துகொண்டாள். நான் வெடிப்பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்தேன்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? நான் கரைக்குப் போய்ச் சேர்வதற்குள் பாதிப்பேர் கூடிவிட்டார்கள். பேச்சித்தாய் முன்னால் வந்து நின்றாள்.

"நம்பி அண்ணாச்சி, எத்தனை தலைமுறைக் கட்டுப்பாடு. சாமி பொறுக்காது."

"சாமி இவ்வளவு நாளும் பாத்துக்கிட்டுத்தான இருந்துது? ரெண்டு பொம்பளை போயிட்டா. ஒன் மருமகளை நாளைக்குத் தண்ணியில இறங்கச் சொல்லு, நான் வெடிக்கலை."

அவள் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கேஸ் வந்தால் தலைவி பார்க்கவில்லை என்று ஆக வேண்டுமே.

சொள்ளமுத்து மட்டும் உறையிலிருந்து உருவிய தவிலோடு ஓடிவந்தான். "எண்ணே, எங்கண்ணனுக்கு அடிக்காத கொட்டு மிச்சம் இருக்கு. அதையும் சேத்து அடிச்சிருதேன்."

வெடிச்சரத்தைக் கரையில் விரித்துக் கொளுத்தினேன். எனக்கு வெடி கொளுத்தத் தெரியாது. பூவனேரியில் பிறந்த எவனுக்கும் தெரியாது. திரி எரிகிற வேகம் தெரியாமல் பக்கத்திலேயே நின்று, கெண்டைக்காலைச் சுட்டுக்கொண்டேன். முதல் வெடி வெடித்ததும் ஊரில் நாய்கள் எல்லாம் கட்டிலுக்கடியில் போய் ஒளிந்தன. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு வீறிட்டு அழுதன. தண்ணீர் மேலே எழும்பின மாதிரிப் பறவைகள் எழுந்தன. சிறகடிக்கிற சத்தம் வெடியைவிடப் பெரிதாக இருந்தது. எழ முடியாதவை எழுந்து விழுந்தன. சொள்ளமுத்து கண்ணை மூடிக்கொண்டு அடித்தான், முகமெல்லாம் தண்ணீர்.

கூட்டம் குளத்துக்கு மேலேயே சுற்றியது. போகவில்லை. இறங்கப் பார்க்கும், வெடிக்கும், மேலே போகும். நான் அடுத்த சரத்தைக் கொளுத்தினேன். பெட்டி காலியாகப்போகிற நேரம், முன்னால் பறந்த ஒன்று கழுத்தைத் தெற்கே திருப்பியது. யாரோ கயிற்றைச் சுண்டியது மாதிரி ஒரே வெட்டு. அத்தனை பறவையும் பின்னாலேயே திரும்பியது.

பக்கத்தில் ஜெனிட்டாவைத் தேடினேன். முதல் சரத்துக்கே அவள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, மையத்துப் பிள்ளை என்று சொல்லித் தடுப்பைத் தாண்டிப் போய்விட்டாளாம்.

கரையில் மிஞ்சிக் கிடந்த ஒரு சரத்தை மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். என் மேல் கேஸ் எழுதினார்கள். கிழவன் என்று விட்டுவிட்டார்கள். அதன் பிறகு எங்கள் குளத்துக்கு ஒரு பட்டையனும் வரவில்லை. முப்பிடாதி மிதந்ததை எல்லாம் அள்ளி முடித்துக் கரையேறினாள். புதிதாகக் காய்ச்சல் யாருக்கும் வரவில்லை. தடுப்பை எடுத்தார்கள். நான் நினைத்தது நடந்துவிட்டது.

கொம்மடிக்குளத்தில் வெடிப்பார்கள் என்றுதான் நினைத்தேன். அந்தப் பிள்ளைக்கு வழி தெரியும். அவர்கள் வெடித்தால் மூணாவது குளம், அவர்களும் வெடித்தால் நாலாவது. அப்படியே தள்ளிக்கொண்டு போகட்டும், எவன் தலையிலாவது விடியட்டும் என்றிருந்தேன். ஆனால் ஒரு சேதியும் இல்லை. முப்பிடாதிதான் ஜெனிட்டாவுக்குப் போன் போட்டாள். எனக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள்.

"வந்திறங்கிட்டு அக்கா" என்றாள் ஜெனிட்டா. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. "பிள்ளைகளை எல்லாம் அனுப்பிட்டோம். பெரியவங்க யாரும் வரமாட்டேன்னுட்டாங்க. மாட்டை விட்டுட்டு வரமாட்டாங்களாம்."

"நீங்க வெடிக்கலையா?" என்று நான் குறுக்கே கேட்டேன்.

"இல்ல தாத்தா. ஊர்க் கூட்டம் போட்டோம். அப்பாதான் பேசினாரு. யாராவது ஒரு ஊரு சும்மா இருக்கணும், இல்லைன்னா இது நிக்காதுன்னாரு. எல்லாரும் சரின்னுட்டாங்க. இங்க யாரும் செருப்புச் சத்தம்கூடக் கேக்காமத்தான் நடக்காங்க."

"அள்ளுறது யாரு?" என்று கேட்டாள் முப்பிடாதி.

அங்கிருந்து இருமுகிற சத்தம் கேட்டது.

மறுநாள் யூனியன் ஆபீசிலிருந்து ஜீப் வந்தது. பழக்கப்பட்ட ஆள் வேண்டும், கொம்மடிக்குளத்துக்கு யார் வருகிறீர்கள் என்று கேட்டார்கள். ஊர் முழுக்க முப்பிடாதி ஒருத்திதான் பழக்கப்பட்ட ஆள். நான் வாசலை மறித்து நின்றேன். காலைப் பிடிக்காத குறை.

"தள்ளுப்பா" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "அவ அப்பன் அவளைப் பாத்துக்கிடட்டும்னு சொன்னேல்லா? ஜெனிட்டாதான் அங்க அள்ளுதா. அவ அப்பாவும் செத்துப்போனாராம்."

உறையை எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினாள்.

பொழுதடையப் போனில் ஒரு தடவை பேசுவாள். ஜெனிட்டாவைப் புதைத்த அன்றைக்குப் பேசினாள். பறவை குறைந்துவிட்டது, வருகிறது நின்றுவிட்டது என்று ஒருநாள் சொன்னாள். அதற்கடுத்து ஒருநாள் பேசும்போது மூச்சு வாங்கியது. படி ஏறி வந்தேன்ப்பா என்றாள். அந்த ஊரில் மாடி வீடே கிடையாது.

அத்தோடு சீக்கு நின்றது. கோழிப்பண்ணைக்கு வரவில்லை, பட்டணத்துக்கும் வரவில்லை. மையம் ஜெயித்துவிட்டது என்று பெரிய மனிதர்கள் டிவியில் கைகொடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த வருசம் மார்கழியில் கொம்மடிக்குளத்துக்குப் போனேன். மடியில் அந்த ஒரு சரமும் தீப்பெட்டியும். அவர்கள் கட்டின பெட்டியின் காது கிழிகிற மாதிரிக் கொளுத்திப் போட்டுவிட்டு வர வேண்டும் என்று போனேன். ஊர் பூட்டிக் கிடந்தது. வெளியே அனுப்பின பிள்ளைகளைத் தகப்பன் தாயற்ற வீட்டுக்கு யாரும் திருப்பிக் கூட்டிவரவில்லை. ரோடு மட்டும் புதுசாகத் தார் போட்டு மினுங்கியது.

கரையில் வரிசையாக மண்மேடு. எது என் மகள், எது அந்தப் பிள்ளை என்று எனக்குச் சொல்ல அங்கே ஆள் இல்லை. அதற்கு முன்னால் கல் நட்டுப் பித்தளைப் பலகை வைத்திருந்தார்கள். எழுத்துக் கூட்டிப் படித்தேன். அமைதிக் குளம். முதல் பரிசு.

வாத்தியார் மீசையை எடுக்க வேண்டியதில்லை.

குளத்தில் பட்டையன் இறங்கியிருந்தது. மாசம் தப்பாமல், மழைத் தண்ணீரில். எல்லாம் கழுத்து நேராக நின்று மேய்ந்தன. அதைப் பார்த்துக்கொண்டு மண்மேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சரம் மடியிலேயே இருந்தது. நெஞ்சுக்குள் இருமல் முட்டிக்கொண்டு வந்தது. மேல்துண்டை வாயில் திணித்து அடக்கிக்கொண்டேன்.